ஏழு நாள் கடலும் நான்கு மணி வானும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும், எத்தனை பேர் வந்தனர், எந்த ஆண்டில் வந்தனர், எந்தத் தோட்டத்தில் குடியமர்ந்தனர் என்பனவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் வந்த வழியையும், அவ்வழியைக் கடப்பதற்குச் சென்ற நாள்களையும் தனியே எடுத்து ஆராய்ந்தோர் குறைவு. பயண நேரம் என்பது கப்பல் கம்பெனியாரும் விமான நிலையத்தாரும் கவனிக்க வேண்டிய செய்தி. வரலாற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட்டோம் போலும்.

ஆனால், பிறந்த ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு மாதம் ஆகுமா, ஒரு வாரம் ஆகுமா, அன்றி ஒரு பொழுதில் போய்ச் சேரலாமா என்பது ஒருவன் வாழ்க்கையின் வடிவத்தையே முடிவு செய்கிறது. அவன் எங்கே மணம் முடிப்பான், எங்கே வீடு கட்டுவான், தாய் இறந்த செய்தி கேட்டால் என்ன செய்வான், தன் மக்களுக்கு எந்த ஊரைச் ‘சொந்த ஊர்’ என்று காட்டுவான் என்பவை எல்லாம் அந்த ஒரு கணக்கைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட தூரத்தின் கதை, ஒரு வகையில் நம் சமுதாயத்தின் கதையே ஆகும்.

நில உருண்டையின் மீது நேர்கோடிட்டு அளந்தால் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சுமார் 2,600 கிலோமீட்டர் தூரம். திருச்சிராப்பள்ளியிலிருந்து அளந்தாலும் இதனினும் சற்றே கூடுதலாக வரும்; அவ்வளவுதான். இராசேந்திர சோழன் காலத்திலும் இதே தூரம். இன்றும் இதே தூரம். மாறாத இந்தத் தூரம் மனிதருக்கு மட்டும் எப்படி எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காற்றுக்குக் காத்திருந்த காலம்

கடாரம் என்று தமிழர் அழைத்த கெடாவுக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே இருந்த கடல்வழி மிகப் பழமையானது. சங்க நூலாகிய பட்டினப்பாலை காழகத்துப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்ததைச் சொல்கிறது. காழகம் என்பதைக் கடாரம் என்றே பழைய உரைகாரர் கொண்டனர். ஆயினும் அந்நாளில் கடலைக் கடக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதைத் தமிழ் நூல்கள் கூறவில்லை. அதைக் கூறியவர் சீன நாட்டுத் துறவியர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் வாழ்ந்த யீ சிங் என்னும் பௌத்தத் துறவி, தம்மைப் போலவே இந்தியாவுக்குச் சென்ற துறவியரின் வரலாறுகளைத் தொகுத்து எழுதினார். அவர்களுள் வூ சிங் என்பவர் கெடாவிலிருந்து மேற்கு நோக்கி முப்பது நாள் கப்பலில் சென்று நாகப்பட்டினத்தை அடைந்தார் என்றும், அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கையை அடைந்தார் என்றும் அந்நூல் குறிக்கிறது.

முப்பது நாள் என்பது கடலில் கழிந்த கணக்கு. காற்றுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்த மாதங்கள் அக்கணக்கில் சேரா. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்று அதனை மீண்டும் மேற்கே கொண்டு சேர்க்கும். ஒரு காற்றில் வந்தவன் மறு காற்று எழும் வரை கடாரத்தில் தங்கியே தீர வேண்டும். ஆகவே போய்வருதல் என்பது ஏறக்குறைய ஓராண்டுக் காரியமாயிற்று. கெடாவின் பூசாங் பள்ளத்தாக்கில் கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் காணப்படுகின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடு என்று அறிஞர் அழைக்கும் சாசனம் கூறுகிறது. வணிகன் தான் காத்திருந்த துறையில் தனக்கு ஒரு வழிபாட்டிடம் வேண்டினான். அக்கோயில்களுக்கும் விகாரத்திற்கும் சமயப் பற்று ஒரு காரணம் என்றால், காற்றுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் ஒரு காரணம் என்று சொல்வதில் தவறில்லை.

1025 ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மீது சென்றது. அவனுடைய மெய்க்கீர்த்தி அப்படையெடுப்பில் கைப்பற்றிய இடங்களை வரிசையாகச் சொல்லும்போது மாநக்கவாரத்தையும் சொல்கிறது. அது இன்றைய நிக்கோபார்த் தீவுகளே. சென்னையையும் கோலாலம்பூரையும் நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அக்கோடு பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையை ஒட்டியே செல்கிறது! இன்று முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானமும், அன்று பாய்விரித்துச் சென்ற சோழர் கலமும் ஏறக்குறைய ஒரே வழியில் செல்கின்றன என்று சொல்லலாம்.

1786 ஆம் ஆண்டில் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் ஏற்பட்ட பின்னும் நெடுங்காலம் பாய்மரக் கப்பல்களே இக்கடலை ஆண்டன. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் பினாங்குக்கு வந்து போயினர். பினாங்கின் சூலியா வீதியில் நாகூர் ஆண்டவரின் பெயரால் எழுந்த தர்கா அப்போக்குவரத்தின் சின்னமாக நிற்கிறது. 1867 ஆம் ஆண்டு வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் ஆட்சியின் கீழேயே இருந்தன. கடல்வழி நெடிதாயினும் அரசியல் எல்லை என்ற ஒன்று அன்று குறுக்கே நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நீராவிக் கப்பலின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றின் ஆட்சி முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கலங்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொட்டு மீண்டன. சென்னைக்கும் பினாங்குக்கும் கடல்வழி சுமார் 1,300 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் செல்லும் கப்பலுக்கு நூற்றெட்டு மணி நேரம், அதாவது நான்கரை நாள் போதும். நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிச் சரக்கு ஏற்றும் நேரத்தையும், பினாங்கிலிருந்து கிள்ளான் வரை வரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும். ‘ஏழு நாள் கப்பல்’ என்று நம் முதியோர் சொல்லி வந்தது இதுவே.

இக்கப்பல்களுள் நம் மக்களின் நினைவில் ஆழப் பதிந்த பெயர் ரஜூலா. 1926 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சென்றோர் இருநூறு பேர் கூட இல்லை. ஐயாயிரம் பேர் பாயும் டிரங்குப் பெட்டியுமாய்த் தளத்தில் கிடக்க, சிலர் மட்டும் அறைகளில் படுத்துறங்கிய அந்தக் கப்பல், அக்கால மலாயாவின் தோட்டத்தைக் கடலில் மிதக்கவிட்டது போன்றதுதான்.

நாகப்பட்டினத்தில் ஆழ்துறை இல்லை. கப்பல் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகேறிச் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து ஏணியைப் பற்றி ஏற வேண்டும். கடலையே முன்பு கண்டறியாத உழவர் குடியினர் பலருக்குப் பிறந்த மண்ணைப் பிரிந்த கணம் எது என்று கேட்டால், அந்த ஏணியில் கால் வைத்த கணத்தையே சொல்வர்.

ஏழு நாள் என்பதும் எல்லாருக்கும் ஒரே ஏழு நாள் அன்று. தோட்டத் தொழிலுக்கு வந்தவர் முதலில் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கினார். அங்கே மருத்துவச் சோதனை நடந்தது. அம்மைக்குப் பால் குத்தினர். கப்பல் வரும் வரை காத்திருந்து, கடலைக் கடந்து வந்த பின்னர், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இருந்த தொற்றுத்தடை முகாமில் மேலும் சில நாள்கள் அடைபட்டுக் கிடந்தார். ஊரை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து தோட்டத்து லயத்தில் முதல் உலை வைத்த நாள் வரை கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று வாரங்கள் கழிந்திருக்கும். மேல்வகுப்பில் வந்தவரோ கப்பல் நின்றதும் இறங்கித் தம் வழியே சென்றார். ஒரே கப்பல், ஒரே கடல். ஆயினும் இருவருக்கும் தூரம் ஒன்றாக இல்லை.

தூரத்தின் நீளத்தைப் பொறுத்தே வாழ்க்கைமுறையும் அமைந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் கடை முகவர்களை மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பினர். தவணை முடிந்தால் ஊர் திரும்பி, சில காலம் இருந்து, மீண்டும் வருவது வழக்கம். தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. 1910 ஆம் ஆண்டளவில் சஞ்சிமுறை ஒழிந்த பின், கங்காணி வழியாக வந்தவருக்குச் சட்டத்தின்படி திரும்பும் உரிமை இருந்தது. ஆனால் நாளொன்றுக்கு ஆணுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசும் கூலியாக இருந்த காலத்தில், குடும்பத்தோடு போய்வரும் செலவைச் சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்? கப்பல் ஏழு நாளில் நாகப்பட்டினத்தை அடைந்தது உண்மை. அக்கப்பலில் காலெடுத்து வைப்பதற்குத் தொழிலாளிக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை.

கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை

கோலாலம்பூருக்கும் கடலுக்கும் இடையே இருப்பது சுமார் நாற்பது கிலோமீட்டர். அந்தச் சிறு தூரமும் ஒரு காலத்தில் பெருந்தூரமாகவே இருந்தது. கிள்ளான் ஆற்றில் படகேறி, நீரோட்டத்தை எதிர்த்து டாமான்சாரா வரை வந்து, அங்கிருந்து தரைவழி செல்ல வேண்டும். 1886 ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரும்புப் பாதை திறக்கப்பட்டது. 1890 இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்து, பாதை கிள்ளான் நகரை எட்டியது. ஆற்று முகத்தில் கட்டப்பட்ட புதிய துறைமுகம் 1901 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திறக்கப்பட்டு, பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரைப் பெற்றது. 1972 ஆம் ஆண்டில் அதுவே போர்ட் கிள்ளான் ஆயிற்று.

கப்பலிலிருந்து இறங்கியவனை இரயில் ஏற்றிக்கொண்டது. அந்த இரயில் பாதைக்கு மண் சுமந்தவரும், தண்டவாளம் பதித்தவரும், அதனைக் காத்தவரும் பெரும்பாலும் தமிழரே. நிலைய அதிகாரியாகவும் எழுத்தராகவும் யாழ்ப்பாணத் தமிழர் பணியாற்றினர். இவர்கள் கூடி வாழ்ந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1881 ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பின்னர், அத்தாப்புக் கூரைகளை நீக்கிச் செங்கல்லால் வீடு கட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. செங்கற்சூளைகள் நிறைந்த அப்பகுதி அவற்றாலேயே பெயர் பெற்றது. பின்னர் இரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. விவேகானந்தர் ஆசிரமமும், இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கு அமைந்தன. நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பலின் நீட்சி போர்ட் சுவெட்டன்ஹாமில் முடியவில்லை. அது இரயில் வழியே பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து நின்றது என்றே கொள்ள வேண்டும்.

செய்தி முந்தியது, மனிதன் பிந்தினான்

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். 1870 ஆம் ஆண்டின் இறுதியிலேயே சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டுவிட்டது. பாய்மரக் காலத்தில் செய்தியும் மனிதனும் ஒரே கப்பலில் வந்தனர். தந்தை இறந்த செய்தி மகனுக்கு எட்டும்போது மாதங்கள் கடந்திருக்கும். துயரம் வந்ததே தவிர ‘போக முடியவில்லையே’ என்ற தவிப்பு வரவில்லை. கம்பி வந்த பிறகு சாவுச் செய்தி ஒரு பகலில் வந்துவிடும். மனிதன் போய்ச் சேர ஏழு நாள் வேண்டும். கப்பலோ நாள்தோறும் புறப்படுவதில்லை.

அடக்கத்திற்குப் போக முடியாது என்பது தெரிந்ததே. பதினாறாம் நாள் கருமாதிக்கேனும் போய்ச் சேரலாமா என்று கணக்கிட்டால், கப்பல் புறப்படும் நாளும் சீட்டு வாங்கும் பணமும் பெரும்பாலும் குறுக்கே நின்றன. ஆகவே இங்கேயே ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் எள்ளும் நீரும் இறைத்துத் தம் கடனை முடித்துக்கொண்டவர் எத்தனையோ பேர். தந்தையின் முகத்தை இறுதியாகக் காணாத மகன் என்பவன் அந்தத் தலைமுறையில் அரியவன் அல்லன், அவனே பெரும்பான்மை. தூரம் என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருள் இதுதான்.

இந்த நிலை ஒரு நன்மையையும் மறைமுகமாக விளைத்தது. சடங்கை இங்கே செய்யத் தொடங்கியவன் கோயிலையும் இங்கே கட்டினான். பந்தலையும் இங்கே போட்டான். சுடுகாட்டிற்கும் இங்கே இடம் தேடினான். மலாயா மண் தமிழனின் சொந்த மண்ணாக மாறியதற்குக் கப்பலின் மெதுவான வேகமும் ஒரு காரணமாயிற்று.

வழி அடைபட்ட ஆண்டுகள்

கடல்வழி எந்நாளும் திறந்தே இருந்ததில்லை. 1930 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சில ஆண்டுகளுக்குள் அதே கப்பல்கள் திருப்பி ஏற்றிச் சென்றன. வேண்டியபோது அருகில் இருந்த மலாயா, வேண்டாதபோது தொலைவாகிவிட்டது. 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடிபெயரும் முறையைத் தடை செய்தது. அத்துடன் கங்காணிக் காலம் முடிவுற்றது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது கடல்வழி முற்றாக அறுந்தது. 1945 இல் போர் முடியும் வரை கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. நாகப்பட்டினம் ஏழு நாள் தொலைவில் இல்லை. எட்டாத தொலைவில் இருந்தது. அந்த ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழரின் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் செய்தி சொல்வாரும் இல்லை. போர் முடிந்து முதல் கப்பல் வந்தபோது எத்தனை வீடுகள் மகனை எதிர்பார்த்து ஏமாந்தன என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆனால் 1953 இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர் வருகையைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 1957 இல் நாடு விடுதலை பெற்ற பின் கடல் என்பது இரு நாடுகளின் எல்லையாயிற்று. குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதை அறியாமலும், அறிந்தும் பொருட்படுத்தாமலும் இருந்தவர் தோட்டப்புறங்களில் மிகுதி. சிவப்பு அடையாள அட்டையோடு அவர்கள் காலம் கழித்தனர். 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டுக்குக் கப்பலேறியவர் அறுபதாயிரத்தை எட்டுவர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர்.

அவர்களுள் பலர் இளமை முழுவதையும் இந்நாட்டுக் கித்தா மரங்களுக்குக் கொடுத்தவர். சிலருடைய மனைவி மக்கள் குடியுரிமை பெற்றவராய் இங்கேயே தங்கினர். கணவன் கப்பலில், மனைவி கரையில். ரஜூலா அவர்களைக் கொண்டு வந்ததும் ஏழு நாளில். கொண்டு போனதும் ஏழு நாளில். முன்னதில் திரும்பி வரும் நம்பிக்கை இருந்தது. பின்னதில் அது இல்லை. தூரத்தை மைலாலோ மணியாலோ அளப்போர் இந்த வேறுபாட்டை அளப்பதற்கு எந்தக் கோலைக் கொண்டு வருவர்?

வானூர்தி வந்தது

வானவழியின் தொடக்கம் இதற்கு முற்பட்டதே. 1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற வான அஞ்சல் மலாயாவைத் தொட்டது. ஆனால் அவ்வழி கராச்சி, கல்கத்தா, இரங்கூன், பாங்காக் என்று வடக்கே நிலத்தை ஒட்டி வளைந்து வந்தது. சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே உள்ள திறந்த கடலை நேராகத் தாண்டும் துணிவு அன்றைய சிறு விமானங்களுக்கு இல்லை.

போருக்குப் பின் நான்கு எஞ்சின்கள் பூட்டிய பெரிய விமானங்கள் வந்தன. 1954 இல் ஏர் இந்தியா சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. கோலாலம்பூரில் சுங்கை பீசியில் இருந்த பழைய விமான நிலையம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாதென்று, சுபாங்கில் புதிய நிலையம் கட்டப்பட்டு 1965 ஆகஸ்டு 30 ஆம் நாள் திறக்கப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 1966 ஏப்ரலில், தனிநாயக அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பல கண்டங்களின் அறிஞர் ஒரு வாரம் ஓரிடத்தில் கூடிக் கலைவது என்பது விமானம் இல்லாத காலத்தில் எளிதில் எண்ணிப் பார்க்கக் கூடியதன்று. முன்பு பெரியார் 1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தபோது, கடலில் கழிந்த நாள்களே ஒரு மாநாட்டுக்குப் போதுமானவை.

ஆயினும் நெடுங்காலம் விமானம் செல்வர்க்கும் அதிகாரிகளுக்கும் உரியதாகவே இருந்தது. தோட்டத்து மக்களுக்குக் கப்பலே கதி. 1973 இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் சிதம்பரம் என்ற கப்பல் வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்காக 1966 இல் கட்டப்பட்ட அழகிய கலம் அது. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அதில் தீப்பற்றியது. உயிர்கள் பல மாண்டன. அக்கப்பலும் பின்னர் உடைக்கப்பட்டது. அதன் பிறகு அவ்வழியில் முறையான பயணிகள் கப்பல் தொடரவில்லை. கடாரத்துக் கடல்வழி அத்துடன் முடிந்தது என்று சொல்லலாம்.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 2,600 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலேறுவதற்கும், இறங்குமுன் வேகம் குறைப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஆகவே சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் நான்கு மணி நேரம் என்பதே நடைமுறைக் கணக்கு.

கடிகாரம் மட்டும் வேறு கணக்குச் சொல்லும். 1981 வரை நம் நேரம் இந்திய நேரத்திற்கு இரண்டு மணி முந்தியிருந்தது. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டதால், வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சென்னையில் ஏறியவர், கோலாலம்பூரில் இறங்கும்போது காலை ஆறரை. இரவு முழுவதும் பறந்தது போலத் தோன்றும். இங்கே இரவு பத்து மணிக்கு ஏறியவர் சென்னையில் இறங்கும்போது பதினொன்றரை. ஒன்றரை மணியில் போய்ச் சேர்ந்தது போலத் தோன்றும். இரண்டும் தோற்றமே. கப்பலில் வந்தவருக்கு இந்த மயக்கம் இல்லை. கதிரவன் நாள்தோறும் சிறிது சிறிதாக முந்தி எழுந்து, அவரை இந்நாட்டு நேரத்திற்குப் பழக்கிக் கொண்டு வந்து சேர்த்தான்.

1998 இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. 2001 இல் பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. மறு ஆண்டில் அங்கிருந்து சிப்பாங்குக்கு 57 கிலோமீட்டர் தூரத்தை இருபத்தெட்டு நிமிடத்தில் கடக்கும் விரைவு இரயில் ஓடத் தொடங்கியது. அந்த இரயில் செல்லும் வழியில் உள்ள புத்ராஜெயா, முன்பு பிராங் பெசார் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவன் வந்து சேர்ந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்தே அவன் பேரன் விமானத்திற்குப் புறப்படுகிறான். பாட்டன் பால்மரம் வெட்டியது போன்ற ஒரு தோட்டத்து நிலத்தை நிமிடங்களில் கடந்து செல்கிறான்.

2008 இல் ஏர் ஏசியா நிறுவனம் திருச்சிராப்பள்ளிக்குக் குறைந்த கட்டணச் சேவை தொடங்கியது. இதனைச் சிறு செய்தி என்று கருதிவிடக் கூடாது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று நம் முன்னோர் பலரின் ஊர்கள் திருச்சியைச் சுற்றியே உள்ளன. நாகப்பட்டினம் இழந்த இடத்தைத் திருச்சி பெற்றது.

எந்தக் கோலால் அளப்பது?

முப்பது நாள், ஏழு நாள், நான்கு மணி நேரம். முனைகள் சற்றே வேறுபடினும், கணக்கு இவ்வாறு அமைகிறது: பாய்மரத்தின் ஒரு மாதத்தை நீராவி ஒரு வாரமாக்கியது, அந்த ஒரு வாரத்தை ஜெட் விமானம் ஒரு பொழுதினும் குறைத்துவிட்டது. காலையில் சாவுச் செய்தி கேட்டவர் இரவுக்குள் இறந்தவர் முகம் காண வாய்ப்புண்டு. நம் பாட்டன்மார்க்குக் கிட்டாத பேறு அது. அதனை எளிதாக எண்ணிவிட நாம் உரிமையுடையோம் அல்லோம்.

ஆனால் விரைவு மட்டும் உறவை வளர்க்கும் என்று எவரேனும் கருதினால் அதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு நாள் தொலைவு இருந்தபோது தோட்டத்துத் தொழிலாளி எழுத்தறிந்தவரைப் பிடித்துக் கடிதம் எழுதினான். கூலியில் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினான். சிற்றப்பன் மகள் பெயரும் பங்காளி வீட்டுக் கன்றுக்குட்டியின் நிறமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான்கு மணித் தொலைவில் வாழும் அவன் பேரப்பிள்ளைகள் பலருக்கு அந்த ஊரின் பெயரே தெரியாது. அவர்கள் சென்னைக்குச் செல்வது பட்டுப்புடவை வாங்கவும் கோயில்களைக் காணவும். பாட்டனின் ஊருக்குச் செல்ல வழி கேட்டால், எந்த வட்டம், எந்த அஞ்சல் என்று சொல்வார் வீட்டில் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்நாடே நம் நாடு; இங்கேயே நம் வேர். கப்பலின் மெதுவான வேகமே அவ்வேரை இங்கே ஆழப் பதித்தது என்பதை மேலே கண்டோம். ஆயினும் வேர் எங்கிருந்து வந்த விதையில் முளைத்தது என்று அறியாத மரம், காற்றடிக்கும் போது தன்னைப் பற்றித் தானே ஐயம் கொள்ளும். 1969 ஆம் ஆண்டை ஒட்டி அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பலேறிய குடும்பங்களுக்கு ஏற்பட்ட கதி, தாளில் எழுதப்பட்ட சான்று இல்லாத சமுதாயத்துக்கு ஏற்பட்ட கதி என்பதை மறவாதிருப்போம்.

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டர் அளக்காது. மணியும் முழுவதும் அளக்காது. பயணச் செலவு எத்தனை நாள் கூலிக்குச் சமம், கடக்க யாருடைய அனுமதி வேண்டும், போய்ச் சேர்ந்தால் வாசலில் நின்று வரவேற்பார் யார் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே அதனை அளக்கும். முதல் கேள்விக்கு விமானம் ஓரளவு விடை தந்துவிட்டது. இரண்டாவதை அரசுகள் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

தளத்தில் பாய் விரித்து வந்த தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் குழந்தைகளாய்த் தாயின் மடியில் வந்தவராயினும், அந்த ஏணியையும் முகாமையும் பற்றித் தாய் சொன்ன சொற்களைக் கேட்டிருப்பர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் கப்பல் சீட்டுகளும், சிவப்பு அட்டைகளும், ஊர் முகவரி எழுதிய கடித உறைகளும் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்து, கேட்டு எழுதி, ஊர்ப்பெயரோடு பதிந்து வைப்பது நம் எழுத்தாளர் செய்ய வேண்டிய பணி. விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டு போய் இறக்கிவிடும். அங்கிருந்து எந்த ஊருக்குப் போவது என்பதை நாம்தான் நம் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.